ராமாத்தாள் பார்க்காத படம்

"எப்படியாச்சும் அந்தப் படத்த நிறுத்திப்போடுங்க சார். இல்லீன்னா நான் இனிமே சோலிக்கு வரமாட்டனுங்க."

ராமாத்தாள் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாலும் விம்மல் நிற்கவில்லை. ஆபீஸ் அறையில் ஒரு பெண் தனியாக நின்று அழுதால் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் என்ன கதை கட்டுவார்களோ என்று எனக்குப் பயம். எழுந்து போய்க் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன்.

"எந்தப் படத்தம்மா?"

"சனிக்கெழம மில்லு மைதானத்துல போடறாங்களாமுல்லீங்க, அதானுங்க."

தொழிலாளிகள் எல்லாரும் குடும்பத்தோடு வந்து இனாமாகப் பார்ப்பதற்காகச் சின்ன முதலாளி ஆசை ஆசையாக ஏற்பாடு செய்திருந்த படம் அது. மைதானத்தில் திரை கட்ட மூங்கில்கூட வந்து இறங்கிவிட்டது. ஓசிச் சினிமாவை நிறுத்தச் சொல்லி ஒருத்தி கண்ணீர் விடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் ஏன் அழுதாள் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த நாற்காலியில் எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். சென்ற வாரம் கேண்டீன் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்த என் மைத்துனரே, "மாப்ள, நீங்க அங்க சமையல்காரராவா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

எருமைக்கும் எனக்கும்

ஐம்பதுகளின் பின்பாதி. பெரிய ஆலைகளில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சட்டம் சொல்லிவிட்டதே என்று எங்கள் பெரிய முதலாளி ஒருவரை வைத்தார். அந்த ஒருவர் நான். கோயமுத்தூரில் சிங்காநல்லூர் பக்கம் மில். என் பெயர் அங்கே பலருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் 'வெல்பேரு'.

அன்னூரில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு இந்த உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை.

"பையன் என்ன சோலி பாக்கறான்னு கேட்டா ஊருக்குள்ள என்னடா சொல்றது?"

"தொழிலாளிகளச் சந்தோசமா வெச்சிருக்கறதுங்கப்பா."

தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானுந்தான் எருமையச் சந்தோசமா வெச்சிருக்கறேன். எனக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. மற்றவர்களின் சந்தோஷத்துக்கு நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: கக்கூஸ் கதவு ஆடினால் ஆசாரியைக் கூப்பிடுவேன். கேண்டீன் டீ தண்ணீராக இருந்தால் நானும் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளிப்பேன். 'ஆலோசனைப் பெட்டி' என்று எழுதி ஒரு தகரப் பெட்டியை மாட்டி வைத்தேன். மாதக் கடைசியில் திறந்தால் பீடித் துண்டுகளும், ஒரு தடவை உயிரோடு ஒரு ஓணானும் இருந்தன.

உண்மையில் சந்தோஷமாக இருந்தவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. சங்கு ஊதுகிற நாச்சிமுத்து அப்படிப்பட்ட ஆள். ஷிப்டுக்கு ஷிப்டு கம்பியை இழுத்துச் சங்கை ஊத வைப்பது அவர் வேலை. பாய்லரில் நல்ல இடம் காலியானபோது, சம்பளமும் அதிகம், போகிறீர்களா என்று கேட்டேன்.

"நான் போயிட்டா சிங்காநல்லூரு எப்படீங்க எந்திரிக்கும்?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் அவர் சங்கைக் கொஞ்சம் நீளமாக இழுப்பார். சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்து வருகிறவர்கள், "நாச்சிமுத்தண்ணன் ஊட்டுல இன்னைக்குச் சரியில்லையாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டே கேட்டுக்குள் நுழைவார்கள்.

குழாய்க்குள் பஞ்சு

சின்ன முதலாளி அப்போதுதான் சீமையில் படித்துவிட்டு வந்திருந்தார். நல்ல மனுஷர். வீட்டில் பெரியவரோடு தெலுங்கு, எங்களோடு மரியாதையான கோயமுத்தூர்த் தமிழ், மிஷின் ரிப்பேரானால் மட்டும் இங்கிலீஷ். அங்கே தொழிலாளிகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறார்களாம். அதனால் அலுப்பே தெரிவதில்லையாம்.

"நம்ம ஆளுங்களும் சந்தோசமா இருக்கோணுமுல்லீங்க வெல்ஃபேர்?"

"இருக்கோணுங்க," என்றேன். தலையாட்டுவதும் என் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

ஸ்பின்னிங்கில் இடியே விழுந்தாலும் காதில் விழாது. ஆகவே ரீலிங்கில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினோம். பாபினில் இருக்கும் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற இடம் ரீலிங். முழுக்கப் பெண்கள். அங்கே இரைச்சல் குறைவு. அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடக் கண்ணும் கையும் போதும், காது சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காதுக்குச் சின்ன முதலாளி இங்கிலீஷ் பேண்டு வாத்தியக் கிராமபோன் பிளேட்டுகளை வாரி வழங்கினார்.

இரண்டு நாள் வாத்தியம் முழங்கியது. மூன்றாம் நாள் குழாயிலிருந்து ஜலதோஷம் பிடித்தவன் முனகுவதைப் போல ஏதோ வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், உள்ளே கெட்டியாகப் பஞ்சு அடைத்திருந்தது.

யார் செய்தது என்று கண்டுபிடிக்க என்னை அனுப்பினார்கள். ரீலிங் கதவோரம் ஒதுங்கி நின்றேன். மிஷின்களின் கடகடப்புக்கு மேலே ஒரு பெண் குரல் போய்க்கொண்டிருந்தது.

"...அவன் பவானிக்குப் போயி ஜமக்காளம் வாங்கிட்டு ரயிலேறுறானுங்க. ரயில்ல எதுத்தாப்பல ஆரு உக்காந்திருக்கறது? அந்தக் கோபிச்செட்டிபாளையத்து ரைஸ்மில்லுக்காரன். மடியில கத்தி."

அந்தப் பக்கத்து நாற்பது பெண்களும் கையை நிறுத்தாமல், வாயைத் திறக்காமல், காதை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு நூல் அறுந்தது. கதை போகிற போக்கைவிட்டுக் காதை எடுக்காமலே முடிச்சைப் போட்டாள். கதை சொன்னவள் ராமாத்தாள்.

வாரம் ஒரு படம்

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ராமாத்தாள் ஞாயிறுதோறும் மாமியாரோடு மேட்னி ஷோவுக்குப் போவாளாம். திங்கட்கிழமை முதல் சங்கில் படத்தை ஆரம்பித்தால், சனிக்கிழமை கடைசிச் சங்குக்கு 'சுபம்' போடுவாளாம். தினமும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் யாராவது ஒருவரைக் கிணற்றின் விளிம்பிலோ தண்டவாளத்திலோ விட்டுவிட்டுத்தான் தூக்குப்போசியைத் திறப்பாள்.

அந்தப் பகுதியில் லீவு எடுப்பவர்களே கிடையாது. அதை நான் என் நிர்வாகத் திறமை என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலோடு வந்தவளை மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொன்னால், "இருங்க, அந்தப் புள்ள பொழைக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்பாளாம். இப்படிப்பட்ட இடத்தில் போய்ப் பேண்டு வாத்தியம் வைத்தால் பஞ்சு அடைக்காமல் என்ன செய்வார்கள்?

பஞ்சு அடைத்த கையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கதை விஷயத்தை மட்டும் சின்ன முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, கேக்கறதுக்கே இத்தன சந்தோசம்னா, அந்தப் படத்தையே பாத்தா எத்தன சந்தோசப்படுவாங்க?"

நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். ராமாத்தாள் கடைசியாகச் சொல்லி முடித்திருந்த படத்தின் பெட்டிக்கே சொல்லிவிட்டார்கள். படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதை எடுத்தவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்ட மறுநாள்தான் ராமாத்தாள் என் அறைக்கு வந்து அழுதாள்.

"படம் பாக்கறதுல உனக்கென்னம்மா கஷ்டம்? நீ பாத்ததுதானே?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நான் பாக்கலீங்க."

"இந்தப் படத்தையா?"

"எந்தப் படத்தையுமே பாத்ததில்லீங்க. என்ற மாமியா என்னைய மாரியாத்தா கோயிலுக்கே தனியா உடாதுங்க, சினிமாவுக்கா உடும்? ஞாயித்துக்கெழம விளம்பர வண்டி எங்க ஊட்டுப் பக்கம் கொட்டடிச்சிட்டு வருமுங்க. தட்டியில படம் ஒட்டியிருப்பாங்க. ஆரு அழுகறா, ஆரு கையில கத்தி இருக்குதுன்னு பாத்துக்குவேன். அப்பறம் நானாத்தான்..."

மேலே சொல்ல முடியாமல் மறுபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது மானப் பிரச்னை. வருஷக்கணக்காக வாரம் தவறாமல் திரித்த கயிறு அத்தனையும் ஒரே சனிக்கிழமையில், முழு மில்லும் உட்கார்ந்து பார்க்க, திரையில் அறுந்து விழப்போகிறது.

"அத்தன பேரும் என் மூஞ்சியப் பாப்பாங்களே. அப்பறம் எப்படீங்க நான் அங்க போயி நிக்கறது?"

பாப்பாத்தியின் ரகசியம்

ஏதாவது செய்யலாம் என்று சொல்லி அவளை அனுப்பினேன். என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. அன்று ஷிப்டு விட்டதும் இன்னொரு பெண் வந்தாள். பாப்பாத்தி. ராமாத்தாளுக்கு நேர் எதிர் மிஷின். வந்தவள் கதவைச் சாத்தப் போனாள். நான் பதறிப்போய் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"சார், அந்தப் படத்த நிறுத்திப்போடுங்க."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீயுமா? உனக்கு என்ன?"

"ராமாத்தக்கா படம் பாக்கறதில்லீங்க. அது சொல்றதெல்லாம் அதுவாக் கட்டறதுங்க."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்குந்தானுங்க. சினிமாவுல எங்கீங்க கோபிச்செட்டிபாளையம் வரும்? என்ற ஊட்டுக்காரரு ஒரு படம் உடாம பாத்துப்போட்டு வந்து கதை சொல்லுவாருங்க. ஒண்ணுகூட ஒத்துப்போகாது. அக்கா சொல்றதுதானுங்க நல்லாருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அதக் கேக்கத்தானுங்க நான் மறுபடியும் வேலைக்கே வந்தேன்."

"ஏன், நடுவுல வேலைய விட்டுட்டியா?"

"அது கெடக்குதுங்க. நீங்க படத்த நிறுத்தோணும். நாங்க தெரிஞ்சு வெச்சிருக்கறது அக்காளுக்குத் தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சா அது வாயத் தொறக்காது."

ஆக, ஏமாற்றியவளுக்குத் தான் பிடிபட்டுவிட்டது தெரியாது. பிடித்தவர்கள் பிடிக்காதது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான். மனிதர்களைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, முதல் தடவையாக உருப்படியாக ஒரு வேலை வந்தது. அதுவும் திருட்டு வேலை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

யார் ஜெயிக்க வேண்டும்?

மறுநாள் காலை சின்ன முதலாளியிடம் போனேன். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள எனக்குச் சிறுவயதிலிருந்தே நல்ல பழக்கம்.

"அந்தப் படத்துல மில்லு ஸ்டிரைக் ஒண்ணு வருதுன்னு பேச்சு அடிபடுதுங்க."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டிரைக்கா? நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. பாத்தவங்களக் கூப்பிட்டுக் கேட்டுக்கலாமுங்க."

ராமாத்தாளை வராந்தாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "கதையில ஒரு ஸ்டிரைக் வரட்டும், அவ்வளவுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அழுகை இருந்த இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்தது. "ஆரு செயிக்கோணுமுங்க? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன கொண்டுபோறேன்."

"அத நீயே பாத்துக்கம்மா."

முதலாளி அறையில் முதலில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. விரல்கள் காற்றில் எதையோ தேடின. சட்டென்று எனக்குப் புரிந்தது. மேசைமேல் சாம்பிளுக்கு வைத்திருந்த பாபின் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நூல் விரலில் பட்டதும் கதை கிளம்பிவிட்டது.

ஒரு மில்லு. அந்த முதலாளிக்கு ஒரே மகன். சீமையில் படித்துவிட்டு வந்தவன். தங்கமான குணம். இதைச் சொன்னபோது அவள் சின்ன முதலாளியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைகாரி. தொழிலாளிகளுக்கு நல்லது செய்யத் துடிக்கிறான் அவன். அப்பன் விடவில்லை. கோபிச்செட்டிபாளையத்து ரைஸ்மில்லுக்காரன் நடுவில் புகுந்து கோள்மூட்டுகிறான். ஸ்டிரைக் வெடிக்கிறது.

சின்ன முதலாளியின் காபி ஆறி ஆடை கட்டியது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"கேட்டுக்கு வெளிய அத்தன சனமும் நிக்குதுங்க. உள்ள அப்பங்காரன் துப்பாக்கிய எடுத்துட்டு வாரான். மகன் ஓடியாந்து நடுவுல நின்னுக்கிட்டு, 'சுடறதுன்னா மொதல்ல என்னையச் சுடுங்க'ங்கறான். அப்பன் கை நடுங்குது. விரல் துப்பாக்கிக் குதிரையில இருக்குது..."

சங்கு ஊதியது. ராமாத்தாள் பாபினை மேசைமேல் வைத்தாள்.

"மிசின் நின்னு கெடக்குமுங்க. வாரனுங்க."

போய்விட்டாள்.

"அப்பறம்?" என்றார் சின்ன முதலாளி.

"எனக்கெப்படீங்க தெரியும்?"

"இந்தப் படம் நம்ம ஆளுங்களுக்கு வேண்டாமுங்க. பெட்டி வேண்டாம்னு சொல்லியுட்டுருங்க. சனிக்கெழம லட்டும் மிச்சரும் குடுத்துப்போடலாம்." நான் எழுந்து கதவுவரை போனதும் மறுபடி கூப்பிட்டார். "ஏனுங்க, அப்பங்காரன் சுட்டானா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

நான் போய்க் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிஷின் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு அவரே ரீலிங்குக்கு வந்தார். ராமாத்தாளின் மிஷின் அருகில் நின்று ஒரு திருகாணியை ரொம்ப நேரம் ஆராய்ந்தார். அவள் கதையைத் தொடர்ந்தாள். அந்தப் பெண்கள் யாரும் அதற்கு முன் கேட்டிராத ஸ்டிரைக் அது. ஆனாலும் பாப்பாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வாரம் இந்த எடத்துலதானுங்க நாங்க எல்லாரும் அழுதோம்" என்று அவரிடம் சொன்னாள். நான் இருமுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அப்பன் சுடவில்லை. சின்ன முதலாளி அன்று முழுவதும் நல்ல குஷியில் இருந்தார்.

பேரூருக்குப் போன கதை

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். லட்டு தின்ற கையோடு ராமாத்தாள் மறுபடி என் அறைக்கு வந்தாள்.

"எனக்கு அந்தப் படத்த ஒருக்காப் பாக்கோணுமுங்க."

"இப்போதானேம்மா அதை நிறுத்தப் பாடுபட்டோம்?"

"அது அவுங்க பாக்காம இருக்கறதுக்குங்க. நான் பாக்கோணுமுல்லீங்க?"

என் மனைவிக்கு இப்படிப்பட்ட காரியங்களில் என்னைவிடத் துணிச்சல் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ராமாத்தாளின் வீட்டுக்கே போனாள். மாமியாரைக் கும்பிட்டு, பேரூர்க் கோயிலுக்கு ஒரு வேண்டுதல், துணைக்கு ஆள் வேண்டும் என்று கூட்டி வந்தாள். பக்கத்து ஊர்த் தியேட்டரில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மேட்னி ஷோ பார்த்துவிட்டு, வழியில் ஒரு பிள்ளையாரிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு இருவரும் வீடு திரும்பினார்கள்.

"படம் முழுக்க அந்தம்மா ஒரு வார்த்த பேசலீங்க," என்றாள் மனைவி. "எடைவேளைக்கு முன்னாடி மட்டும் என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. அப்பறம் உடவேயில்ல."

திங்கட்கிழமை முதல் சங்குக்கு முன்பே ராமாத்தாள் என் அறை வாசலில் நின்றாள். பிறந்ததிலிருந்து பார்த்த முதல் படம். ஆச்சரியப்பட்டுப் பேசப்போகிறாள் என்று ஆவலாக இருந்தேன்.

"எப்படி இருந்தது?"

"நல்லாத்தானுங்க எடுத்திருக்கறாங்க. பாட்டெல்லாம் நல்லாருந்துச்சு." சொல்லத் தயங்கி நின்றாள். "அந்தக் கொழந்தைய எதுக்குங்க சாகடிச்சாங்க?"

"கதை அப்படி அம்மா."

"நான் சொன்னதுல அது பொழச்சுக்குமுங்க. தட்டியில பாத்தப்பவே அது சீக்காளிக் கொழந்தைன்னு தெரிஞ்சுது, தாயி அழுகறதும் தெரிஞ்சுது. எனக்கும் அது செத்துப்போகும்னுதான் தோணுச்சுங்க. ஆனா பாப்பாத்தி போன தையிலதானுங்க அவ மகனக் கொண்டுபோயி மண்ணுல வெச்சுட்டு வந்தா. நாலு வயசு. எனக்கு நேர் எதுத்தாப்பல நின்னுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டிருக்கறா. நான் எப்படீங்க சாகடிக்கறது?"

அவள் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். வெளியே நாச்சிமுத்து சங்கை இழுத்தார்.

"வாரனுங்க," என்றாள் ராமாத்தாள். "அவ வந்து நின்னுருப்பா."